கீழ்க்கட்டிலில் விட்ட இடம்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் ஓவிய ஆசிரியர்களான உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். தூரிகை பிடிப்பதையும் நிறம் கலப்பதையும் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் படித்துத் தேர்வெழுதித்தான் வந்திருக்கிறீர்கள். யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு மூன்று பேர் இருப்பார்கள். தமிழுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். பாடத்தைப் பற்றிச் சண்டை போடுவதற்குக்கூட அவர்களுக்குத் துணை உண்டு. ஓவியத்துக்கு ஒருவர்தான். கரும்பலகையில் நீங்கள் போட்ட படம் நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. பரீட்சை நெருங்கினால் உங்கள் பீரியடை மற்றவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கேட்காமல் எடுத்துக்கொள்வதும் உண்டு. சேர்ந்த நாளிலிருந்து ஓய்வுபெறும்வரை எனக்கு 'டிராயிங் டீச்சர்' என்பதுதான் பெயர். பிரிவுபசார விழாவில் மைக்கைப் பிடித்தவர் என் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்று, பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து கேட்டுவிட்டுத்தான் தொடர்ந்தார். நான் கோபப்படவில்லை. அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

இன்னொன்று, கையில் பொருள் இருக்காது. என் முதல் வேலை மீமிசலில். அங்கே என் அறை என்று காட்டப்பட்டது உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஒரு மாடி அறை. அதன் மூலையில், எனக்கு முன்னால் இருந்தவர் வீசிவிட்டுப் போன கலர் பாட்டில்கள் கிடந்தன. எல்லாம் அடியில் காய்ந்து கட்டி தட்டியவை. அவற்றைச் சுரண்டி, பொடித்து, கருவேலம்பிசின் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தேன். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்திருந்ததால் என்ன செய்தாலும் சேறு மாதிரி ஒரு சாம்பல் நிறம்தான் வந்தது. பிள்ளைகள் அதை வைத்துக் கடலையும் படகையும் வரைந்தார்கள். நன்றாகவே வரைந்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துவிட்டு, "கடல் நீலமா இருக்கும்னுகூட இந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரலையாம்மா?" என்று கேட்டார். கலர் இல்லை என்று சொன்னால் பள்ளிக்கூடத்தின் மேல் புகார் சொன்ன மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் எனக்கு வேலை தெரியாது என்று ஆகும். கூட வந்திருந்த தலைமையாசிரியை அதிகம் பேசாதவர். அவர் என்னைப் பார்க்காமல் நேரே போய் ஜன்னலைத் திறந்தார். மீமிசல் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சேற்றுக்கடல். அன்றைக்கு வானமும் மூடியிருந்தது. பிள்ளைகள் பூசியிருந்த அதே நிறம் ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டியவரை கிடந்தது. அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அந்த அம்மாள் அதைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தைகூட என்னிடம் பேசியதில்லை. எல்லாவற்றுக்கும் வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மிச்சப் பொருளைச் சேர்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கல்யாண மண்டபத்தில் அலங்காரம் முடிந்து மீந்த பெயின்ட், துணிக்கடை அட்டை, ஒருபக்கம் அச்சான தாள், முடி கொட்டிய பிரஷ், எது கிடைத்தாலும் எடுத்து வந்துவிடுவேன். கறம்பக்குடிக்கு மாற்றலாகி வந்த பிறகு ஊருக்கே இது தெரிந்துபோய், வேண்டாத சாமானை அவர்களே கொண்டு வந்து தருவார்கள். இனிச் சொல்லப்போவது அப்படி வந்து சேர்ந்த ஒன்றைப் பற்றி. நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருடம் நடந்தது.

ஒருநாள் மதியம் பள்ளிக்கூட வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. வளர்மதி என்ற அம்மாளும் அவருடைய கொழுந்தனாரும் இறங்கினார்கள். ஊருக்குத் தெற்கே தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். வளர்மதியின் கணவர் கல்யாணமான மறுவருடமே வளைகுடாவுக்குப் போனவர். இருபது வருடத்துக்கும் மேலாக அங்கேயே வேலை. இடையிடையே விடுப்பில் வந்துபோனதோடு சரி. கடைசியில் இதயக் கோளாறோடு திரும்பி வந்து, வீட்டு மாடியில் இருந்து, சில மாதங்களுக்கு முன் இறந்துபோனார். மாடியில் இருந்த நாட்களில் செல்போனில் வீடியோ பார்த்துப் படம் வரையக் கற்றுக்கொண்டாராம். ஒரு பெட்டி நிறைய எண்ணெய் வண்ண டியூப்புகள், கல்லாகிப்போன பிரஷ்கள், முகத்தோடு முகம் வைத்துக் கொடிக்கயிற்றால் கட்டிய கேன்வாஸ்கள் எல்லாம் ஆட்டோவில் இருந்தன.

"பள்ளிக்கூடத்துக்கு ஒதவுமான்னு பாருங்க டீச்சர்" என்றார் வளர்மதி. "அந்த எண்ணெய் வாடை எனக்கு ஒத்துக்காது. அவுக வரையும்போது நான் மேல போக மாட்டேன்."

"ஒதவலைன்னா கொளுத்திருங்க" என்றார் கொழுந்தனார். "மாடியில தேங்காய் போடணும். எடம் அடைச்சுக்கிட்டுக் கெடக்கு."

அந்த வாரம் மாவட்ட அளவில் ஓவியப் போட்டி இருந்தது. என் பிள்ளைகள் நால்வர் தேர்வாகியிருந்தார்கள். மற்ற பள்ளிகளிலிருந்து கேன்வாஸில் வரைந்து கொண்டுவருவார்கள் என்று கேள்விப்பட்டு, நமக்கு எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். தலைமையாசிரியர் கேன்வாஸ் கட்டைப் பார்த்ததும், "நல்ல வேளைம்மா. மேல வெள்ளையடிச்சுப் பிள்ளைங்ககிட்டக் குடுத்துடுங்க" என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு கயிற்றை அவிழ்த்து ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்து வைத்தேன். எல்லாவற்றிலும் ஒரே படம். ஓர் அறை. இரண்டடுக்கு இரும்புக் கட்டில். ஜன்னலை அடைத்து ஒரு ஏ.சி. பெட்டி, அதைச் சுற்றி இடுக்கில் செருகிய அட்டை. கயிற்றில் காயும் சட்டைகள். தரையில் ரைஸ் குக்கர். முதலில் வரைந்தவற்றில் கட்டில் கோணலாக நின்றது. போகப் போகக் கை தேறியிருந்தது. கடைசிப் படத்தில் போர்வையின் மடிப்பு, சுவரில் ஈரம் பூத்த இடம், குக்கரின் மூடியில் விழுந்த டியூப் லைட் வெளிச்சம் எல்லாம் முடிந்திருந்தன. ஒன்றே ஒன்று முடியவில்லை. கீழ்க்கட்டிலில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் அளவுக்குத் துணி வெள்ளையாக விடப்பட்டிருந்தது. அந்த இடத்தைச் சுற்றி ஒரு கரிக்கோடு மட்டும். எல்லாப் படத்திலும் அப்படித்தான்.

பையில் வெள்ளை பெயின்ட் இருந்தது. பிரஷும் தயாராக இருந்தது. வரைந்து பார்த்துத் தேறாமல் தூக்கிப் போட்டவையாகவும் இருக்கலாம். வேண்டாமென்றுதானே கொடுத்தார்கள்? ஆனால் அந்த அம்மாள் மேலே போக மாட்டேன் என்று சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. கொடுத்தவர் பார்த்துவிட்டுக் கொடுத்திருந்தால் அது கழித்த பொருள். பார்க்காமலே கொடுத்திருந்தால் என்ன சொல்வது? தலைமையாசிரியரிடம் கேட்டால் வெள்ளையடிக்கச் சொல்வார். யாரிடமும் கேட்காமல் வளர்மதிக்குப் போன் செய்தேன். "இதுல என்ன இருக்குன்னு பாத்தீங்களாம்மா?" என்று கேட்டேன். "நான் எங்கிட்டுப் பாத்தேன்" என்றார்.

மறுநாள் வந்தார். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் வரிசையாக நின்ற படங்களைப் பார்த்தார்.

"இதுவா அவுக ரூமு?" என்றார்.

"நீங்க போட்டோவுல பாத்ததில்லையா?"

"போட்டோன்னா பெரிய கட்டடத்துக்கு முன்னாடி நிப்பாக. கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு நிப்பாக. வீடியோ கால்லயும் மூஞ்சிய மட்டுந்தேன் காட்டுவாக. ரூமைக் காட்டுங்கன்னா, பசங்க தூங்குறாங்கன்னுருவாக." குனிந்து குக்கரைத் தொட்டுப் பார்த்தார். "தரையிலயா வச்சுச் சமைச்சாக?"

போட்டிக்குப் போன பிள்ளைகள் துணிக்கடை அட்டையில் வரைந்து கொண்டுபோனார்கள். பரிசு வரவில்லை. அட்டை ஈரத்தில் வளைந்துபோய்ப் படம் நேராக நிற்கவே இல்லை என்று ஒரு பிள்ளை வந்து சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுவதும் என்னோடு பேசவில்லை. நாம் எடுக்கும் முடிவுக்கு யாராவது ஒருவர் இப்படித் தண்டம் கொடுக்க வேண்டியிருக்கும். அது நாமாக இருப்பதில்லை. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சில நாள் கழித்து வளர்மதி மறுபடி வந்தார். கடைசிப் படத்தைக் காட்டி, "இதை முடிச்சுக் குடுங்க டீச்சர். வருசம் திரும்பித் தலைத் தெவசம் வருது, அதுக்கு வீட்டுல வைக்கணும்" என்றார்.

"உள்ளே யாரை வரையிறது?"

"என்னையத்தேன். வேற யாரு? நானும் ஒருதரம் வந்து பாக்குறேன், கூட்டிக்கிட்டுப் போங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். விசா கெடைக்கலை, கெடைக்கலைன்னாக. அதான் படத்துல உக்கார வைக்கப் பாத்திருக்காக. மூஞ்சி சரியா வரலை போல."

அவர் அதைச் சொன்னபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். அந்தக் கரிக்கோட்டின் தோள் அகலமாக இருந்தது. ஆனாலும் சரி என்றேன். அடுத்தவர் பாதியில் விட்டதை முடித்துத் தருகிறேன் என்று சொல்வது எளிது. அவர் எதை நினைத்தார் என்று கேட்க ஆள் இல்லாதபோது எவ்வளவு கஷ்டம் என்பது பிரஷை எடுத்த பிறகுதான் தெரியும்.

படங்களையும் வண்ணப் பெட்டியையும் வளர்மதி மறுபடி வீட்டு மாடிக்கே கொண்டுபோனார். சனிக்கிழமைகளில் நான் அங்கே போனேன். இறந்துபோனவரின் டியூப்புகளை எடுத்துப் பார்த்தேன். வெள்ளையும் காவியும் கறுப்பும் நசுங்கி, மூடி திறக்க முடியாமல் இறுகிப்போயிருந்தன. பின்பக்கம் வெட்டிப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் இளக்கமாக இருந்தது. அதை வழித்து எடுத்துக்கொண்டேன். பச்சை டியூப் மட்டும் திறக்கப்படாமலே இருந்தது. அந்த அறையில் பச்சை பூச எதுவும் இருந்திருக்கவில்லை.

வளர்மதியை ஒரு கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, கரிக்கோட்டோடு பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. கோட்டில் இருந்த ஆள் முழங்கால்களை அகட்டி, அவற்றின் மேல் முழங்கைகளை ஊன்றி, தலையைத் தொங்கவிட்டிருந்தார். லுங்கி கட்டியவர் உட்காரும் விதம் அது. முதல் நாளே எனக்கு நிச்சயமாகிவிட்டது. சொல்வதா வேண்டாமா? சொன்னால் அவர் நம்பி வந்ததை நான் பறித்ததாகும். சொல்லாமல் வரைந்தால் பொய்யை வரைந்ததாகும். நான் நிறம் கலக்கிறேன், பிரஷைக் கழுவுகிறேன் என்று வேறு எதையாவது செய்துகொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் பேசுவார். மகனும் இப்போது துபாயில். வீட்டில் அவர் தனி. ஓர் ஆழாக்கு அரிசி போட்டாலும் வீணாகிறது என்பார். எனக்கும் அப்படித்தான் என்பேன். புதுக்கோட்டையில் வாடகை வீட்டில் நானும் தனிதான். இரண்டு பேர் தனியாக இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது ஒரு வகையில் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமையோ என்னவோ, அவரே எழுந்து வந்து படத்தின் முன் நின்றார். கரிக்கோட்டை விரலால் காற்றில் வரைந்து பார்த்தார்.

"டீச்சர், எனக்கு இந்த மாதிரிக் காலை அகட்டி உக்கார வராது."

நான் துணியில் பிரஷைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இது ஆம்பளை ஆளு. ஒங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும்மா."

"எப்பலேருந்து?"

"மொதல்லேருந்து சந்தேகம். நீங்களாப் பாக்கட்டும்னு இருந்தேன்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார். "யாரா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு நாங்கள் வேலை செய்யவில்லை.

வளர்மதி மகனிடம் சொல்லி, அந்த அறையில் அப்பாவோடு இருந்த ஒருவரிடம் விசாரிக்கச் சொன்னார். அடுத்த வாரம் நான் போனபோது பதில் வந்திருந்தது. கடைசிவரை கீழ்க்கட்டில் அவர் கணவருடையதுதானாம். மேலே மாறி மாறி ஆட்கள் வந்தார்களாம். டூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அப்படித்தான் உட்கார்ந்திருப்பாராம். கூப்பிட்டால்கூடக் கொஞ்ச நேரம் கேட்காதாம்.

அப்படியானால் அந்த மனிதர் மாடியில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பத் தன்னைத்தான் வரையப் பார்த்திருக்கிறார். அறையிலிருந்த எல்லாவற்றையும் வரைய முடிந்தது. தன்னை மட்டும் முடியவில்லை.

கொழுந்தனாருக்கு விஷயம் தெரிந்ததும், "அம்புட்டுத்தேனா? அண்ணன் பாஸ்போர்ட் போட்டோ இருக்கு. அந்த மூஞ்சிய வச்சு முடிச்சிருங்க டீச்சர்" என்றார். நியாயமான யோசனைதான். நானும் வரைந்து பார்த்தேன். உடம்பு அந்த அறையில் இருந்தது. முகம் ஸ்டூடியோவில் இருந்தது. கூலிங் கிளாஸ் போட்டோக்களைப் பார்த்தேன், எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தோளுக்கு அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை. தொங்கிய தலைக்குக் கீழே என்ன முகம் இருந்ததென்று எனக்குத் தெரியாது. வளர்மதிக்கும் தெரியாது. அவர் பார்த்ததே இல்லை. டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிட்டேன். மறுபடி வெள்ளை.

எனக்கு இதற்குமேல் வழி தெரியவில்லை. இப்படியே விட்டுவிடலாம் என்று சொல்ல நினைத்தேன். வாயால் சொல்ல வராததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனேன். இத்தனை வருடம் அதே மாவட்டத்தில் இருந்தும் அவர் பார்த்ததில்லை. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய் எனக்கு மனப்பாடம். குகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தோம். தாமரைக் குளம், மீன், பூப்பறிக்கிற ஆட்கள், நடுநடுவே சாந்து உதிர்ந்து வெறும் கல்.

"பாதியைக் காணோமே டீச்சர். ஏன் யாரும் போட்டு முடிக்கலை?"

"வரைஞ்சவங்க இல்லையேம்மா. அவங்க என்ன நெனச்சாங்கன்னு தெரியாம நாம கை வைக்கக் கூடாது. இப்படியே விட்டுருவாங்க."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றார். "வரைஞ்சவுக வீட்டு ஆளுக யாரும் முடிச்சுக் குடுங்கன்னு கேட்டிருக்க மாட்டாக" என்றார்.

திரும்பும்போது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். கறம்பக்குடி பஸ் வர நேரமிருந்தது. டம்ளரைக் கீழே வைக்காமலே பேசினார்.

"நான் யோசிச்சுட்டேன் டீச்சர். என்னையவே வரைங்க."

"அது அவரோட எடம்மா. கோட்டையே மாத்தணும்."

"மாத்துங்க. அவுக அங்க உக்காந்தது போதும். எந்திரிச்சு வரட்டும். இனிமே நான் உக்காந்துக்கிறேன்."

நான் படித்ததும் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னதும் இதற்கு எதிரானது. இறந்தவர் போட்ட கோட்டை அழிப்பது சரியில்லை என்று எந்த ஓவியரும் சொல்வார். நீங்கள் என் இடத்தில் இருந்தால் மறுத்திருக்கலாம், அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். எனக்குத் தோன்றியது இதுதான்: அந்தப் படத்தோடு ஒரே வீட்டில் இருக்கப்போவது நானும் இல்லை, ஓவியம் படித்தவர்களும் இல்லை. சரி என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் கிளிப்பச்சைச் சேலை கட்டி வந்து உட்கார்ந்தார். புதுச்சேலையா என்று கேட்டேன். "பழசுதேன். அங்க போறதா இருந்தா இதைத்தேன் கட்டிக்கிட்டுப் போகணும்னு வச்சிருந்தேன்" என்றார். திறக்காத பச்சை டியூப்பை அன்றைக்குத் திறந்தேன். கரிக்கோட்டைத் துடைத்து எடுக்கும்போது என் கை நின்றுவிட்டது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "துடைங்க டீச்சர்" என்றார் மெதுவாக.

கட்டில் விளிம்பில், கால்களைச் சேர்த்துவைத்து, ஊரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியவர் மாதிரி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் சிரிப்பு இல்லை. சுற்றியிருப்பதைப் பார்க்கிறார். அந்த முகத்தை வரைய நான் பாடுபடவில்லை. இந்தப் படங்களை முதன்முதலில் பார்த்த அன்று அவருக்கு இருந்த முகம் என் கண்ணிலேயே இருந்தது. சேலையின் பச்சை குக்கர் மூடியில் கொஞ்சம் தெரிகிற மாதிரி வைத்தேன். அந்த உருவத்தைத் தவிர, அது ஒன்றுதான் அவர் கணவரின் வேலையில் நான் சேர்த்தது. கீழே என் பெயரைப் போடவில்லை. ஒண்ணு போதும், மத்ததுல பிள்ளைங்க வரையட்டும் என்று மற்றக் கேன்வாஸ்களை வளர்மதி தன் கையாலேயே வெள்ளையடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார்.

தலைத் தெவசத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். கூடத்தில் கணவரின் போட்டோவுக்கு மாலை போட்டு இலை போட்டிருந்தார்கள். படத்தையும் அங்கே வைக்கக் கொழுந்தனார் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏன் அண்ணி, அண்ணன் இருந்த எடத்துல நீங்க உக்காந்திருக்கிறது நல்லாவா இருக்கு? பாக்குறவக என்ன நெனப்பாக?"

"பாக்கட்டும். பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றார் வளர்மதி. சண்டை போடவில்லை. படம் மாடியிலேயே, அது வரையப்பட்ட அறையிலேயே இருந்தது.

சாப்பாடு முடிந்த பிறகு உறவுக்காரர்கள் சிலர் மேலே வந்து பார்த்தார்கள். பெண்கள் சேலையைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர், "இதென்ன ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. ஜன்னலோரமாக நின்றுகொண்டிருந்தேன். செய்தது தப்போ என்று மனம் அடித்துக்கொண்டது. கேட்பதற்கு ஆள் இல்லை.

பிறகு வயதான ஒருவர் படியேறி வந்தார். பக்கத்துத் தெருக்காரர். அவரும் ரொம்ப வருடம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர் என்று வளர்மதி சொன்னார். வந்தவர் எங்களைக் கவனிக்கவில்லை. படத்தின் முன் போய் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்த ஏ.சி. சத்தம் போடும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "நிப்பாட்டவும் முடியாது. வெக்கையில செத்துருவோம்."

அட்டை செருகிய இடுக்கையும், கயிற்றில் கிடந்த சட்டைகளையும், மேல்கட்டிலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் கீழ்க்கட்டிலுக்கு வந்தார். வளர்மதியைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார்.

"எங்க ரூமுக்கெல்லாம் வீட்டுலேருந்து ஒருத்தரும் வந்து பாத்ததில்ல ஆத்தா" என்றார். "இந்த ரூமுக்காவது ஒரு ஆளு வந்திருக்கு."

அவர் கீழே போய் என்ன சொன்னாரோ தெரியாது. சற்று நேரத்தில் இன்னொருவர் வந்தார். பிறகு இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். எல்லாரும் ஆண்கள். ஒரு காலத்தில் வளைகுடாவில் இருந்தவர்கள். ஒருவர் குக்கரைக் காட்டி லேசாகச் சிரித்தார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசு என்றார். கொழுந்தனார் கதவருகில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அந்த வயதானவருக்காகப் போட்டுவிட்டுப் போனார்.

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மாடி காலியானதும் விடைபெற்றுக்கொண்டு, வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தப் போனேன்.

"சாத்தாதீங்க டீச்சர்" என்றார் வளர்மதி உள்ளேயிருந்து. "தெக்குத் தெருவுலேருந்து இன்னும் ரெண்டு பேரு வாரதாச் சொல்லியிருக்காக."